உள்ளே இருக்கிற கம்ப்யூட்டருக்கு ஏழரை ஜிபி

ஒன்றுமில்லாமல் தொடங்கி மேலே வந்தவனுக்கு ஒரு வியாதி தவறாமல் வரும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். எதைக் கண்டாலும் ‘இதென்ன பெரிய கம்பசூத்திரமா?’ என்று கேட்கிற வியாதி. எனக்கு அது முற்றிய நிலையில் இருக்கிறது. மருந்து கிடையாது. ஒரே ஒரு தடவை, நல்ல மழையில் நனைந்தபோது, கொஞ்சம் குறைந்தது.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்பாள் என் சம்சாரம். அவள் பேச்சை இங்கே எடுக்க வேண்டாம்.) ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் களங்களில் மூட்டை தூக்கினேன். ஒரு ரைஸ்மில்லில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு அந்த மில்லையே வாங்கினேன். இன்றைக்குத் தேவிபட்டினம் போகிற ரோட்டில், லாரி ஏறி நிற்கிற எடைமேடை எனக்குச் சொந்தம். அதற்கு ஒரு ஆபீஸ், ஆபீசுக்கு ஏ.சி., பக்கத்தில் தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் வெள்ளை நிறத்தில் புதுக் கார். வாசலில், கும்பிட்ட கையோடு நான் சிரிக்கிற ஆளுயரத்துக்கு மேலான பிளெக்ஸ் பேனர். (நானேதான் வைத்தேன். மற்றவர்கள் வைப்பார்கள் என்று காத்திருந்தால் ஆயுள் போதாது.) மோட்டார் சத்தத்தைக் கேட்டே பேரிங் போனதா, பெல்ட் தளர்ந்ததா என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சொன்னால் பெருமையாக இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய?

எடைமேடை வாங்கும்போதே அதோடு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமும் வந்தது. வண்டி ஏறியதும் எடையைப் பிடித்து, சீட்டு அடித்துத் தருவது அதன் வேலை. அருமையாக ஓடியது. ஆனால் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதை எழுதிக் கொடுத்த ஆள் எங்கே போனார் என்று அவர் வீட்டுக்காரர்களுக்கே தெரியவில்லை. உப்புக்காற்று பட்டுப் பட்டுப் பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் கண்ணை மூடியது. புதுக் கம்ப்யூட்டரில் போட்டால் புரோகிராம் ஏறவே இல்லை.

அப்போது கை கொடுத்தவள் என் மருமகள் வினோதினி. கம்ப்யூட்டர் படித்தவள். புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு பழைய கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதில் எங்கள் புரோகிராமைக் குடி வைத்துவிட்டாள். வர்ச்சுவல் மெஷின் என்றாள். கையால் தொட முடியாது, பெட்டியும் கிடையாது, வயரும் கிடையாது, ஆனால் கம்ப்யூட்டர்தான். வெளியே உள்ள மெஷினின் சரக்கிலிருந்து அதற்கு ஒரு பங்கைப் பிரித்துக் கொடுக்க வேண்டும், இத்தனை பிராசசர், இவ்வளவு மெமரி என்று. அவள் மாற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்குப் பார்த்தால் போதும். ரைஸ்மில் வேலையையே அப்படித்தான் கற்றேன்.

தை மாத அறுவடை. ரோட்டில் வண்டி வரிசை கட்டி நிற்கிறது. அந்த நேரம் பார்த்து உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் சோம்பல் முறிக்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் வண்டி ஏறி நின்றதும் வந்த சீட்டு, இப்போது டிரைவர் இறங்கி டீ குடித்துவிட்டு வந்தாலும் வருவதில்லை.

அன்றைக்கு மேடையின் மேல் நின்றது ராக்காயி அக்காவின் நெல். வாடகை டிராக்டர், பின்னால் திறந்த டிரெய்லர். அறுவடை மெஷின் கொட்டிய நெல் அப்படியே குவியலாக இருந்தது. வெயில் சுள்ளென்று அடித்ததால் தார்ப்பாய் போடாமல் வந்துவிட்டார்கள். பின்னால் நின்ற லாரிகள் எல்லாம் தார்ப்பாய் கட்டியவை. இது ஒன்றுதான் வானத்தைப் பார்த்துக் கிடந்தது.

அக்கா என்னைவிட மூத்தவர். நான் களத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் அவர் அதே களத்தில் நெல் தூற்றினார். இப்போது குத்தகைக்கு நிலம் பிடித்துத் தானே பயிர் செய்கிறார். அந்த வருடம் கண்மாய்த் தண்ணீர் கடைசி நனைப்புக்கு எட்டவில்லை. பள்ளத்தில் கிடந்ததை இன்ஜின் வைத்து இறைத்துத்தான் கதிரைக் காப்பாற்றினார். வருடம் முழுக்க உழைத்ததற்கு அவர் கையில் இருந்தது அந்த ஒரு டிரெய்லர் நெல்தான். என்னை ஊரில் எல்லோரும் ‘மொதலாளி’ என்பார்கள். அவருக்கு மட்டும் நான் ‘ஏலே காளி’.

“ஏலே காளி, என்னலே இது? வயசுக்கு வந்த பிள்ளைய ஒக்கார வச்ச மாதிரி என் நெல்ல மேடையில வச்சுக்கிட்டு நிக்கிற? சீட்டக் குடு, நான் போறேன்.”

எதிரே இருக்கிற நெல் குடோனில் சீட்டு இல்லாமல் இறக்க மாட்டார்கள். கையால் எழுதினால் செல்லாது. எடையும் வண்டியின் போட்டோவும் சேர்த்து மெஷினில் அடித்ததுதான் வேண்டும். முன்பு யாரோ கையெழுத்தில் தில்லுமுல்லு செய்ததால் வந்த சட்டம் அது.

வினோதினிக்குப் போன் போட்டேன். அவள் தன் அம்மாவுக்குக் கண்புரை காட்ட ராமநாதபுரம் போயிருந்தாள்.

“உள்ள இருக்க மெஷினுக்கு ஒரு பிராசசரும் ரெண்டு ஜிபி மெமரியும்தான் குடுத்திருக்கேன் மாமா. சீட்டுல போட்டோ சேத்ததுலேர்ந்து அதுக்குப் பத்தல. சாயந்தரம் வந்து ரெண்டு பிராசசர், மூணு ஜிபின்னு கூட்டி வைக்கிறேன். அஞ்சு நிமிச வேலைதான். அதுவரைக்கும் மெதுவா ஓடட்டும். நீங்க தொட்டுராதீங்க.”

“நான் எதுக்கும்மா தொடப் போறேன்?”

இதைச் சொல்லும்போதே என் கை மவுஸின் மேல் இருந்தது.

அங்கே சீட்டு அடிப்பவன் முனியசாமி. பொறுமைசாலி. என்னிடம் வேலை பார்ப்பதற்கு அதுதான் முதல் தகுதி. “மொதலாளி, அண்ணி வேணாம்னு சொன்னாகளே” என்றான்.

“அண்ணி சொன்னது உனக்கு. எந்திரி.”

வெளியே எட்டிப் பார்த்து, “ரெண்டே நிமிசம்! இனிமே சீட்டு பறக்கும் பாருங்க!” என்று வரிசைக்கே அறிவித்தேன். (அறிவிக்காமலாவது செய்திருக்கலாம். அதுதான் வியாதி என்றேனே.)

உள்ளே இருக்கிற கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்தேன். அதுவரை எல்லாம் சரி. பிறகு பல்சக்கரம் மாதிரி இருக்கிற படத்தைத் தட்டி, மெமரிக் கோட்டைக் கொண்டுவந்தேன். இங்கிலீஷ் எழுத்து எனக்குக் கோலம் மாதிரி, அழகாக இருக்கும், படிக்க வராது. எண்கள் தெரியும். கோடு பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடிந்தது. குமிழைப் பிடித்து இழுத்தால் எண் கூடுகிறது.

இந்தச் சிவப்புதான் என்னைக் கவிழ்த்தது. என் மில்லில் மோட்டார் பலகையில் பச்சை விளக்கு எரிந்தால் மோட்டார் சும்மா நிற்கிறது என்று அர்த்தம். சிவப்பு எரிந்தால் ஓடுகிறது. எத்தனையோ வருடமாக, காலையில் அந்தச் சிவப்பைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு குளிரும். இங்கே குமிழ் பச்சையில் தூங்கிக்கொண்டிருந்தது. பிறகு எப்படி வேகம் வரும்?

இரண்டாவது, எனக்கு ஒரு கொள்கை உண்டு. உழைக்கிறவனுக்குத்தான் சாப்பாடு. வெளியே இருப்பது வெறும் பெட்டி. எடை பிடித்துச் சீட்டு அடிப்பது உள்ளே இருப்பவன். வெளியில் இருக்கிறவனுக்கு எதற்கு இவ்வளவு?

நான்கு பிராசசரையும் உள்ளே கொடுத்தேன். மொத்தம் இருந்த எட்டு ஜிபியில் முழு எட்டையும் கொடுக்கத்தான் ஆசை. குமிழ் ஏழரையில் முட்டி நின்றுவிட்டது. போனால் போகிறது என்று விட்டேன். மஞ்சள் முக்கோணம் போட்டு ஏதோ ஒரு பெட்டி வந்தது. முனியசாமி படிக்க வாயைத் திறந்தான். அவன் முதல் எழுத்துக்குப் போவதற்குள் நான் ஓகே கொடுத்துவிட்டேன்.

உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் எழுந்தது. சத்தியமாக எழுந்தது. பழைய விண்டோஸின் படம் வந்தது. “பாத்தியா?” என்று முனியசாமியைத் திரும்பிப் பார்த்தேன். நான் திரும்பிய நேரத்தில் எல்லாம் நின்றது.

மவுஸை ஆட்டினேன். அம்புக்குறி அசையவில்லை. திரையில், வண்டியைப் போட்டோ எடுக்கிற கேமராவின் படத்தில், ரோட்டோரம் நடந்துகொண்டிருந்த ஆடு ஒரு காலைத் தூக்கியபடியே நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அசல் ஆடு எப்போதோ போய்விட்டிருந்தது. பெட்டிக்குள் காற்றாடி மட்டும் அறுவடை மெஷின் மாதிரி இரைந்தது.

“சீட்டு பறக்குதா காளி?” என்று வெளியே இருந்து அக்கா கேட்டார். லாரி டிரைவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் கிழக்கே கடல் பக்கம் பார்த்தேன். வெயில் இருந்த இடத்தில் வெயில் இல்லை. இடுப்புயரத்துக்குக் கறுப்பாக மேகம் ஏறிக்கொண்டிருந்தது. தை மாதத்தில் யாரும் எதிர்பார்க்காத மேகம்.

மறுபடியும் மருமகளுக்குப் போன். அவசரத்தில் ஸ்பீக்கர் போட்டுவிட்டேன். அதை அணைக்க எனக்குத் தெரியாது. ஆகையால் இதற்குப் பிறகு நடந்த பேச்சை மொத்த வரிசையும் கேட்டது.

“தொட்டுட்டீங்களா மாமா?”

“லேசாத்தாம்மா.”

“எவ்வளவு குடுத்தீங்க?”

முனியசாமி போனுக்குப் பக்கத்தில் குனிந்து, இழவு வீட்டில் துக்கம் சொல்கிறவன் மாதிரிச் சொன்னான்: “ஏழரை, அண்ணி.”

அவள் சொன்னாள்: “ஏழரை கழியணும்னு ஊரு உலகமெல்லாம் தேவிபட்டினத்துக் கடலுக்கு வந்து குளிச்சிட்டுப் போகுது. நீங்க அந்த ரோட்டுலயே ஆபீஸ் போட்டு, கூட்டியாந்து உள்ள வச்சிருக்கீங்களே மாமா!”

வரிசையில் இருந்த அத்தனை பேரும் அடித்த சிரிப்பில் என் ஏ.சி. கண்ணாடி அதிர்ந்தது.

“அவன்தானம்மா வேலை பாக்குறான்? அதான் அவனுக்குக் குடுத்தேன்.”

“அந்தப் பழைய விண்டோஸுக்கு மூணு ஜிபிக்கு மேல குடுத்தா அதுக்குத் திங்கவே தெரியாது மாமா. இன்னொண்ணு, வெளிய இருக்கவன் தோள்லதான் உள்ள இருக்கவன் ஒக்காந்திருக்கான். அடியில சுமக்கிறவனப் பட்டினி போட்டுட்டா மேல ஒக்காந்திருக்கவன் எங்க போவான்?”

நான் மூட்டை சுமந்தவன். தலையை ஆட்டினேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்று முனியசாமி சொன்ன பிறகு, “புரியுதும்மா” என்றேன்.

பவர் பட்டனை அழுத்தியே பிடித்து அணைக்கச் சொன்னாள். அணைத்து, மறுபடி போட்டோம். வெளிக் கம்ப்யூட்டர் எழுந்தது. எழுந்த கையோடு, யாரும் சொல்லாமலே, உள்ளே இருக்கிறவனும் எழுந்தான். ஏழரையையும் வாங்கிக்கொண்டான். கேமரா படத்தில் ஆடு காலைத் தூக்கிக்கொண்டு நின்ற இடத்தில், இந்தத் தடவை ஒரு சைக்கிள்காரர் நின்றார்.

“அய்யய்யோ, முனியசாமிக்கு லேசா இருக்கட்டும்னு அது தானா ஏந்திரிக்கிற மாதிரி நான்தான் வச்சிருக்கேன்” என்றாள் மருமகள். “இன்னொரு தடவை அணைச்சுப் போடுங்க. திரை வந்ததும், அது ஏந்திரிக்கிறதுக்கு முன்னாடி, நான் சொல்றத டக்குனு அமுக்கணும்.”

டக்கென்று அமுக்கப் போனேன். என் டக் அதற்குப் போதவில்லை. மறுபடியும் நின்றது. தகரக் கொட்டகையின் மேல் முதல் சொட்டு விழுந்த சத்தம் கேட்டது.

“மாமா, மவுஸ முனியசாமிகிட்ட குடுங்க.”

“இல்லம்மா, இந்தத் தடவை நான்...”

“குடுலே!” என்று வாசலில் இருந்து அக்கா கத்தினார். “குலசாமி வேலா அது, இப்பிடி இறுக்கிப் பிடிச்சிருக்க? அவன்கிட்ட குடுத்துட்டு வெளிய வா. வந்து மேகத்தப் பாரு.”

கொடுத்தேன். வெளியே வந்தேன். அக்கா டிரெய்லருக்குப் பக்கத்தில் நின்றார். முந்தானையை விரித்து நெல்லின் ஒரு மூலையை மூடப் பார்த்துக்கொண்டிருந்தார். மலை மாதிரிக் குவியலுக்கு ஒரு முந்தானை.

“கொட்டகைக்குள்ள விடலாமா?” என்றார்.

“உள்ள காரு நிக்குதுக்கா. புதுக் காரு.”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். “காரு நனைஞ்சா முளைக்காதுலே. நெல்லு நனைஞ்சா முளைச்சிரும்.”

நான் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தை என் சம்சாரம் பார்த்திருந்தால், ‘ரேஷன் கடைக்கு ஒருநாளாவது இப்படிப் போனீங்களா?’ என்று கேட்டிருப்பாள். காரை ரிவர்ஸில் எடுத்தேன். எடுத்த வேகத்தில் நானே ஆசையாக வைத்த குரோட்டன்ஸ் தொட்டி இரண்டும் காலி. காரை வெட்டவெளியில் விட்டுவிட்டு இறங்கினேன். ஜன்னல் கண்ணாடி இறக்கியே இருந்தது என்பது அப்போது ஞாபகத்தில் இல்லை.

பின்னால் நின்ற லாரிக்காரர்கள் ஒருவர்கூட முணுமுணுக்காமல் வண்டியைப் பின்னால் எடுத்து வழி விட்டார்கள். டிராக்டர்க்காரர் ஒடித்துத் திருப்பி டிரெய்லரைக் கொட்டகைக்குள் தள்ளினார். முக்கால்வாசி உள்ளே போனது. வால் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டது. கார் அளவுக்குக் கட்டிய கொட்டகை அது.

“தார்ப்பா எதுவும் கெடக்கா?” என்று ஒரு டிரைவர் கேட்டார். இல்லை என்றேன். அவர் கண் வாசல் பக்கம் போனது. என் கண்ணும் போனது. கும்பிட்ட கையோடு நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

“மொதலாளி, அத அறுத்துரவா?”

“அறுங்க” என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் இவ்வளவு சீக்கிரம் வந்தது எனக்கே ஆச்சரியம்.

கயிற்றை அறுத்து, சட்டத்தை உதறி, பேனரைக் கொண்டுவந்து வால் பக்கம் போர்த்தினார்கள். மழை அப்போது கொட்டத் தொடங்கிவிட்டது. கடற்காற்று பேனரைப் பிடித்துத் தூக்கியது. நான் டிரெய்லரின் பின்பலகை மேல் ஏறி, இரண்டு மூலையையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, நெஞ்சை அதன் மேல் அழுத்திக் கிடந்தேன். எனக்கு அடியில் என் முகம், அதற்கு அடியில் அக்காவின் நெல். முதுகில் மழை. ஒவ்வொரு காற்றுக்கும் பேனர் புடைத்து, என் மூக்கில் என் மூக்கே இடித்தது.

கொட்டகைக்குள்ளிருந்து அக்கா கத்தினார்: “ஏலே, மூஞ்சிய இறுக்கிப் பிடிலே! மூஞ்சி பறக்குது பாரு!”

பிடித்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ மூட்டை தூக்கியிருக்கிறேன். அதைவிடக் கனமாக எதையும் பிடித்ததில்லை. ஆபீஸிலிருந்து ஸ்பீக்கரில் மருமகளின் குரல் மழையோடு கலந்து வந்தது. “இப்ப... இப்ப... அமுக்குங்க முனியசாமி... நின்னுச்சா? சரி, இப்ப செட்டிங்ஸ்... மெதுவா, ரெண்டு, மூணு, போதும்...” பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு முனியசாமி வாசலுக்கே ஓடி வந்து கையைத் தூக்கினான். “ஓடுது மொதலாளி! கேமராவுல ஆடு நடக்குது!”

எங்கள் கடற்கரையில் இந்த மாதிரி மழை வந்த வேகத்தில் போய்விடும். நின்றதும் டிராக்டர் மறுபடி மேடையில் ஏறியது. முனியசாமி ஜன்னலைத் திறந்து, “மொதலாளி, எறங்குங்க. உங்க எடையும் சேருது” என்றான். நான் இன்னும் பேனரைப் பிடித்தபடி டிரெய்லர் மேலேயே இருந்தேன்.

அக்கா சீட்டை வாங்குவதற்கு முன்னால் வால் பக்கம் வந்தார். பேனரை விலக்கி, கையை முழங்கை வரை நெல்லுக்குள் விட்டார். அடியிலிருந்து ஒரு நெல்லை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். கடுக்கென்று கேட்டது. காய்ந்த நெல் மட்டும் தருகிற சத்தம். எத்தனையோ இன்ஜின் சத்தங்களைக் கேட்டவன் நான். அன்றைக்கு அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டதும் மேடை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா என் ஈரத் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, குடோனுக்குப் போனார்.

மருமகள் சாயந்தரம் வந்தாள். அவள் திட்டுவாள் என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. தானாக எழுந்திரிக்கும்படி வைத்தது தன் தப்புதான் என்றாள். பாதித் தப்பை அவள் எடுத்துக்கொண்டாள். “உன்னாலதாம்மா இன்னைக்கு என் மானம் பொழைச்சுது” என்றேன். எங்கள் வீட்டுக்கு அவள் வந்ததிலிருந்து நான் அவளுக்குச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது என்று என் சம்சாரம் பிறகு கணக்குச் சொன்னாள். இருக்கலாம். அதற்குப் பிறகு நிறையச் சொல்லியிருக்கிறேன். முனியசாமியிடமும் சொன்னேன். அவன் பயந்துபோய், வேலையை விட்டுத் தூக்கப் போகிறேனோ என்று கேட்டான்.

கார் சீட்டு காய்வதற்குப் பல நாள் ஆனது. அந்தக் கோலத்திலேயே ஏறி வீட்டுக்கு ஓட்டி வந்தேனா, வேட்டி மடிப்பிலும் காலிலும் ஒட்டியிருந்த நெல்லெல்லாம் உள்ளே கொட்டியிருக்கிறது. ஒருநாள் கால்மிதியைத் தூக்கினால் அடியில் இளம் பச்சையாக நாற்று. அக்கா சொன்னதில் அது ஒன்றுதான் தப்பு. புதுக் காரும் முளைக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது ‘ஏழரை’ என்றால் போதும். விருந்தாளி இலையில் நான் சோற்றை மலையாகக் குவித்தால், “மாமா, ஏழரை” என்று வினோதினி மெதுவாகச் சொல்வாள். பேத்திக்கு ஒரே நாளில் நீச்சல், சைக்கிள், சிலம்பம் எல்லாம் சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டால், அந்தச் சின்னதுகூட “ஏழரை தாத்தா” என்கிறது. நான் என் பெருமையைப் பேச ஆரம்பித்தாலும் அதே சொல்தான். அடிக்கடி காதில் விழுகிறது. கோபம் வருவதில்லை.

இந்த வருடம் அறுவடைக்கு முன்னால், ராக்காயி அக்காவின் வயலுக்குப் பக்கத்திலேயே புது எடைமேடை ஒன்று வந்துவிட்டது. பெரிய ஆட்கள் போட்டது. என்னுடையதைவிட நீளம், கம்ப்யூட்டர் எல்லாம் புத்தம் புதுசு, சீட்டு நிஜமாகவே பறக்கிறதாம். அக்காவின் டிராக்டர் அதைத் தாண்டி, அவ்வளவு தூரம் வந்து, என் மேடையில்தான் ஏறியது. சீட்டைக் கொடுக்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏன்க்கா, பக்கத்துலயே அவ்வளவு வசதியா ஒண்ணு வந்திருக்கே? இங்கன எதுக்கு வந்த?”

அக்கா சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“அங்கன இருக்கவன் மழ வந்தா காரை வெளிய எடுப்பானான்னு எனக்குத் தெரியாதுலே” என்றார்.